தீதி என்று கூப்பிட்டவர்

கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்த நாளிலிருந்து நாகரத்தினத்தை அவள் கணவர் சிவலிங்கம் ஒரே ஒரு சொல்லால்தான் கூப்பிட்டார். "ஏளா."

திருநெல்வேலிப் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற சொல் அது. காளிகாட் சந்தில் மாடியில் இருந்த அந்த இரண்டு அறை வீட்டில், கால் நூற்றாண்டாக அந்தச் சொல் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டிருந்தது. "ஏளா, சோறு போடு." "ஏளா, துண்ட எங்க வெச்சே?" கிடர்பூர் துறைமுக அலுவலகத்திலிருந்து சாயங்காலம் திரும்பிச் செருப்பைக் கழற்றும்போது ஒரு ஏளா. தூக்கம் வரும்போது விளக்கை அணைக்கச் சொல்லி ஒரு ஏளா. அதற்கு மேல் அவர் பேசமாட்டார். பத்திரிகையைப் பிரித்து முகத்தை மூடிக்கொள்வார்.

கல்யாணமான புதிதில் அவள் ஒருமுறை கேட்டாள். "எனக்குப் பேரு இல்லையா?"

"பேரு ஊருக்கு. இது வீட்டுக்கு" என்றார் அவர்.

அதோடு சரி. அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அம்மா என்று கூப்பிடவும் ஆளில்லாத வீட்டில் நாகரத்தினத்துக்கு அந்த ஒரு சொல்தான் பெயர், பட்டம், சொத்து எல்லாம். அது தன்னிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. பறிபோன பிறகுதானே தெரிகிறது!

பறிபோனது தொண்ணூற்றொன்பதாம் வருஷக் குளிர்காலத்தில். அலுவலகத்தில் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் மேஜைமீது சரிந்தார். தலையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். வலது கையும் காலும் துவண்டன. பேச்சு முழுசாக நின்றுபோனது. அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு கிடந்தார். நாகரத்தினம் அவர் காலடியில் உட்கார்ந்து, "என்னங்க, ஒரு வார்த்தை பேசுங்க. திட்டவாவது செய்யுங்க" என்று அழுதாள்.

வாரங்கள் கழித்து வார்த்தை வந்தது. "ஜோல்" என்றார். தண்ணீர்.

வங்காளம்! அவள் சந்தோஷத்தில் அதைக் கவனிக்கக்கூட இல்லை. டம்ளரை எடுத்து ஓடிவந்து, அவர் தலையை மடியில் தாங்கிக் குடிக்கவைத்தாள். குடித்து முடித்தவர் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். நன்றியோடு உதடுகள் கோணின. மெல்ல, கஷ்டப்பட்டு, ஒரு சொல்லைக் கோத்தெடுத்தார்.

"தீதி."

அக்கா என்று அர்த்தம். வங்காளத்தில் பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற பெண்ணும் தீதி, மீன் விற்கிறவளும் தீதி. கட்டின பெண்டாட்டியும் தீதியா? அவள் கையிலிருந்த டம்ளர் கட்டிலடியில் உருண்டது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. நாகரத்தினத்துக்குக் கடைத்தெரு வங்காளம் மட்டுமே தெரியும். இடையில் நின்று பேச ஒரு தமிழ் ஆள் வேண்டும் என்று தேடியபோது வந்து சேர்ந்தவள்தான் ரோஹிணி. பாலிகஞ்சில் ஒரு வங்கி அதிகாரியின் மகள். கம்ப்யூட்டரில் ஆராய்ச்சிப் படிப்பு. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"எனக்குத் தமிழ் அவ்ளவா வராது மாமி. தப்பாப் பேசினா சிரிக்காதீங்கோ."

"சிரிக்கிற நிலையிலயாம்மா நான் இருக்கேன்?"

ரோஹிணி சிவலிங்கத்தின் பக்கம் குனிந்து தமிழில் கேட்டாள். "மாமா, நான் சொல்றது புரியறதா?" அவர் தலையாட்டினார். "இவா யாரு?" என்று நாகரத்தினத்தைக் காட்டினாள். அவர் கண்கள் நிறைந்தன. நல்ல இடது கையால் மனைவியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் தெரிகிறது. வாயைத் திறந்தார். "தீதி" என்றது வாய். இல்லை, இல்லை என்று தலை ஆடியது. மறுபடியும் "தீதி" என்றது வாய்.

"மாமாக்கு ஆள் மறக்கலை மாமி. தமிழ் கேட்டா புரியறது. வெளில வரச்சே பெங்காலிதான் வருது" என்றாள் ரோஹிணி. பிறகு சற்றுத் தயங்கி, "எனக்கு மாமாவை அடிக்கடி வந்து பாக்கணும். வரலாமா?" என்றாள்.

வீட்டுக்கு வந்தபின் சிவலிங்கத்தின் வங்காளம் நாளுக்கு நாள் தேறியது. தேறத் தேற, நாகரத்தினம் இதுவரை பார்த்தேயிராத ஒரு மனிதர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அலுவலகத்துத் தபன் பாபு ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார். கூட இரண்டு மூன்று பேர். வெங்காய பஜ்ஜியும் டீயும் வைத்துக்கொண்டு கால்பந்து, அரசியல், இல்சா மீன் விலை என்று கச்சேரி நடக்கும். சிவலிங்கம் திக்கித் திக்கித்தான் பேசுவார். ஆனால் அவர் ஒரு சொல் சொன்னால் மற்றவர்கள் தொடையில் தட்டிச் சிரிப்பார்கள்.

"எங்க ஆபீஸ்லயே பெரிய வாயாடி இவர்தான், பௌதி. சிவ்தா இல்லாம அங்க டீயே இறங்கறதில்லை" என்றார் தபன் பாபு. பௌதி என்றால் அண்ணி. சிவ்தா என்பது சிவலிங்கம் அண்ணன் என்பதன் செல்லச் சுருக்கம்.

வாயாடியா? இவரா? பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு கால் நூற்றாண்டைக் கழித்தவரா? அவள் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். தினமும் பத்து மணிக்கு வீட்டைவிட்டுப் போன பிறகு அவர் யாராக இருந்தார் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கலகலப்பை எல்லாம் கிடர்பூரில் கொட்டிவிட்டு, வெறும் பாத்திரத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

அவள் கீழ்வீட்டு போஸ் மாஷிமாவிடம் போய் உட்கார்ந்து வங்காளம் கற்கத் தொடங்கினாள். மாஷிமா என்றால் பெரியம்மா, சித்தி முறை. அவள்தான் வீட்டுச் சொந்தக்காரி. "இத்தனை வருஷமா சொல்றேன், கத்துக்கோன்னு. இப்ப புருஷன் மொழி மாறினப்புறம்தான் உனக்கு ஞானம் வந்துதா?" என்று கேலி செய்தாள். கேலி செய்துகொண்டே சொல்லிக்கொடுத்தாள்.

ஒரு மத்தியானம். சிவலிங்கத்துக்குச் சோறு ஊட்டிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு நாகரத்தினம் எழுந்தாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"தீதி. ஆப்னி கேயேச்சேன்?"

நீங்கள் சாப்பிட்டீர்களா?

அவள் திரும்பாமல் அப்படியே நின்றாள். வங்காளிகள் அந்நியப் பெண்ணிடம் காட்டுகிற மரியாதைதான் அது. அவர் வாயில் பழகிப்போன வார்த்தைதான். ஆனால் இத்தனை வருஷத்தில் தமிழில் ஒருநாள், ஒரே ஒருநாள், நீ தின்னியா என்று அவர் கேட்டதுண்டா? "இன்னும் இல்லை" என்று வங்காளத்தில் சொன்னாள். "போஷுன்" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினார் அவர். உட்காருங்கள். அன்றைக்குத்தான் அவள் புருஷன் எதிரில் உட்கார்ந்து முதன்முதலாகச் சாப்பிட்டாள். அவர் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மோர் தீர்ந்ததும் கிண்ணத்தை இடது கையால் நகர்த்திக் கொடுத்தார்.

ஆனாலும் மனசு இருக்கிறதே! கை கழுவும்போது அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கிண்ணம் நகர்த்தியது தீதிக்கு அல்லவா? ஏளா எங்கே?

இரண்டாயிரமாவது வருஷம் துர்கா பூஜை விடுமுறையில் ரோஹிணி அவளைப் பாலிகஞ்ச் வீட்டுக்கு அழைத்துப் போனாள். பூப்போட்ட துணியை விலக்கிக் கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

"இதுக்குள்ள ஒரு சின்ன மூளை இருக்கு மாமி. நெஜ மூளை இல்லை. மூளைல நரம்பும் நரம்பும் எப்படிச் சேர்ந்துக்கறதுன்னு பாத்து, அதே மாதிரி கணக்குலயே நூல் கட்டியிருக்கு. ஒரு சாமானைப் பத்தி சொன்னா அதோட பேரைச் சொல்லும். மொதல்ல தப்பாச் சொல்லும். திருத்தத் திருத்த நூல் இறுகும், தளரும். அப்புறம் சரியாச் சொல்லும். மாமா வீட்ல பேசற தமிழ், ஆபீஸ்ல பேசற பெங்காலி ரெண்டும் இதுக்குக் கத்துக்கொடுத்தேன்."

"சொல்லிக் குடுத்து?"

"அப்புறம் கத்தரிச்சேன். மாமா தலைல எங்க அடிபட்டிருக்குன்னு டாக்டர் படத்துல காட்டினார் இல்லையா? அதே மாதிரி இங்கயும் நூலை வெட்டிட்டேன். மாமா தலையை யாரும் திறந்து பாத்து, இதை மாத்து, அதை மாத்துன்னு பரீட்சை பண்ண முடியாது. இதை எத்தனை தரம் வேணா உடைக்கலாம், ஒட்டலாம்."

தண்ணீர் என்பதன் விவரத்தை அழுத்தினாள். ஜோல் என்று வந்தது. சோறு என்றதற்கு பாத் என்றது. நாகரத்தினம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"என்னையக் கேளு. நான் இருக்கேனா அதுல?"

"இருக்கேள்."

"என்னையப் பத்தி அதுகிட்ட என்ன சொல்லியிருக்கே?"

ரோஹிணி கூச்சத்தோடு படித்தாள். "பொம்பள. வீட்ல இருப்பா. தெனமும் பாக்கறது. சேலை. சமைப்பா."

"அவ்வளவுதானா நான்?" என்று சிரித்தாள் நாகரத்தினம். "சரி, அழுத்து."

திரையில் எழுத்துகள் வந்தன. ரோஹிணி அதைப் படிக்காமல் உதட்டைக் கடித்தாள்.

"படி தாயி."

"தீதி."

"இதுவுமா?" நாகரத்தினம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பாவி மெஷினே, நீயுமா?"

"இங்க பாருங்கோ மாமி, அழாதீங்கோ. மாமா பெங்காலில என்னைக்காவது பொண்டாட்டியைக் கூப்பிட்டிருக்காரா? இல்லை. அந்த எடம் காலி. காலியா இருந்தா இது கிட்டத்துல இருக்கறதைப் பிடிச்சுக்கும். மாமாவும் அப்படித்தான். உங்களை அந்நியம்னு நெனச்சு தீதின்னு சொல்லலை. கைக்கு எட்டினது அதுதான்."

கைக்கு எட்டினது. அந்த வார்த்தையை முடிந்துகொண்டு நாகரத்தினம் வீடு திரும்பினாள். அன்றிலிருந்து தீதி என்ற சொல் கொஞ்சம் குறைவாகக் குத்தியது. ஆசை மட்டும் குறையவில்லை. ஒருமுறை. சாவதற்குள் ஒரே ஒருமுறை ஏளா என்று அவர் கூப்பிட்டால் போதும் என்று காளியம்மனிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் சிவலிங்கத்துக்குக் காய்ச்சல் கண்டது. மத்தியானம் போர்வைக்குள் அரைமயக்கமாகக் கிடந்தவர், வெளியே இடி இடித்ததும் தெளிவாகச் சொன்னார். "மழ வருது. துணிய எடு."

தமிழ்! நாகரத்தினம் ஓடிவந்து அவரை உலுக்கினாள். கண்ணைத் திறந்தவர் வங்காளத்தில் தண்ணீர் கேட்டார்.

விஷயத்தைக் கேட்ட ரோஹிணி நாகரத்தினத்தைவிட அதிகமாகப் பரபரத்தாள். "என் மெஷின் இதைப் பண்ணவே பண்ணாது மாமி! அதுல வெட்டினது வெட்டினதுதான். காய்ச்சல் வந்தா நூல் தானா ஒட்டிக்குமா? அப்போ மாமாகிட்ட தமிழ் போகலை. உள்ளே இருக்கு. யாரோ கதவைப் பிடிச்சிண்டிருக்கா. காய்ச்சல்ல அந்தக் காவல்காரன் தூங்கிப் போயிட்டான். நான்தான் தப்பாக் கட்டியிருக்கேன்."

அவள் கம்ப்யூட்டருக்குள் இருந்த அந்தச் சின்ன மூளையைப் பிரித்து மறுபடி கட்டினாள். இந்த முறை நூல்களை வெட்டியது கொஞ்சம்தான். இரண்டு மொழிக்கும் நடுவே ஒரு காவல் வைத்தாள். ஒரு மொழி பேசும்போது மற்றதை அடக்கி வைக்கிற காவல். அது எல்லார் தலையிலும் இருக்கிறதாம். சிவலிங்கத்தின் தலையில் அது ஒரு பக்கமாகச் சிக்கிக்கொண்டது என்று வைத்துப் பார்த்தாள். மாதக்கணக்கில் அவள் அதோடு மல்லுக்கட்டினாள். அவளுடைய பேராசிரியரோ, இந்த நரம்பு வலை எல்லாம் பழைய கதை, இதற்கு எவன் வேலை கொடுப்பான் என்று சலித்துக்கொண்டார்.

ஒரு நாள் காளிகாட் வீட்டுக்கு வந்து, சிவலிங்கம் தூங்கும் நேரம் பார்த்து, சமையலறையில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமி, நாம பெங்காலி பேசப் பேச அந்தக் காவல்காரனுக்குத் தீனி போடறோம். அவன் தமிழை இன்னும் அழுத்தறான். பெங்காலியை முழுசா நிறுத்திட்டு தமிழ் மட்டும் குடுத்தா தமிழ் எழுந்திருக்கறது. மெஷின்ல எழுந்திருக்கறது."

நாகரத்தினம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவுக ஏளான்னு கூப்பிடுவாகளா?"

"மெஷின்ல வந்துது. ஆனா மாமி, இது சின்னது. மாமா தலை கடல். இதை நம்பி மட்டும் முடிவு பண்ணாதீங்கோ. இன்னொண்ணு. தமிழ் ஏற ஏற பெங்காலி இறங்கறது. ரெண்டையும் சேர்த்து நிறுத்த எனக்கு இன்னும் தெரியலை."

"இறங்கட்டும். வங்காளத்த வெச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? எனக்கு என் புருஷன் வேணும்."

சொல்லிவிட்டாள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

தபன் பாபுவிடம் கைகூப்பி, கொஞ்ச நாள் வரவேண்டாம் என்றாள். அவர் முகம் சுருங்கியது. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். மாஷிமா மாடியேறுவதை நிறுத்தினாள். ரேடியோவில் கால்பந்து வர்ணனை நின்றது. நாகரத்தினம் தமிழில் மட்டும் பேசினாள். "இது சோறு. சொல்லுங்க, சோறு." அவர் பாத் என்றால் காதில் விழாததுபோல நின்றாள். மறுபடியும் "சோறு" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவளிடம் வழக்கம்போல, "ஆப்னி கேயேச்சேன்?" என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். ஒருநாள் அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார். கண்ணில் நீர் தளும்பியது.

"ஆமி கீ தோஷ் கோரேச்சி, தீதி?"

நான் என்ன தப்பு செய்தேன்?

ஐயோ, அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு எந்தப் பெண் நிற்பாள்? "நீங்க ஒரு தப்பும் செய்யல" என்று தமிழில் கதறினாள். அவர் எதிர்பார்த்தது அந்த மொழியை அல்ல. மெல்ல முந்தானையை விட்டார். அதற்குப் பிறகு அவர் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. எதுவுமே பேசவில்லை. வீடு குளிர்ந்துபோன அடுப்பு மாதிரி ஆனது.

இரண்டாயிரத்திரண்டு தை மாதம். காலையில் நாகரத்தினம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாற்காலியிலிருந்து குரல் வந்தது. கரகரத்த, அதட்டலான, பழைய குரல்.

"ஏளா! பால் பொங்குது!"

அவள் அசையவில்லை. பால் புஸ்ஸென்று பொங்கி அடுப்பில் வழிந்தது. தீய்ந்த வாடை வீடு முழுக்கப் பரவியது. "ஏளா, காது கேக்கலையா? பால் போகுதுங்கேன்!" போகட்டும். கடல் அளவு பால் போகட்டும். கீரை மடியிலிருந்து சிதற அவள் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "இன்னொரு தரம் சொல்லுங்க. இன்னொரு தரம்."

"கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? அடுப்ப அணைளா!"

அன்றைக்குக் காளி கோயிலில் அவள் உடைத்த தேங்காய்க்கு அளவில்லை. ரோஹிணியைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள்.

பிறகு தமிழ் மளமளவென்று வந்தது. சோறு, துண்டு, தண்ணி, கதவு. ஏளா, சோறு போடு. ஏளா, துண்ட எங்க வெச்சே? பத்திரிகையை இடது கையால் பிரித்துக்கொள்ளவும் பழகிவிட்டார். பத்திரிகை முகத்தை மூடியது.

தடை நீங்கியதென்று தபன் பாபு ஓடிவந்தார். "சிவ்தா! கேமோன் ஆச்சோ?" எப்படி இருக்கீங்க என்று அவர் கையைப் பற்றினார். சிவலிங்கம் நண்பரைப் பார்த்துச் சிரித்தார். வாயைத் திறந்தார். வரவில்லை. நெற்றி சுருங்கியது. அங்குமிங்கும் தேடினார். கடைசியில், "உக்காருங்க" என்றார். தமிழில்.

தபன் பாபு உட்கார்ந்தார். கால்பந்து பற்றி ஏதோ சொல்லிப் பார்த்தார். சிவலிங்கம் தலையாட்டினார். அவ்வளவுதான். டீ ஆறிப்போனது. தபன் பாபு கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்தது கண்ணாடியைத்தானா? "நான் அப்புறம் வரேன், பௌதி" என்று படியிறங்கிப் போனவர் வருவது குறைந்து, பிறகு நின்றேபோனது.

சமையலறையில் நாகரத்தினம் தனியே தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பசி இருந்தது. கை சோற்றில் இறங்கவில்லை. காது மட்டும் எதற்கோ காத்திருந்தது. எதற்கு என்று புரிந்தபோது, தெய்வமே, அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். தவமிருந்து புருஷனைத் திரும்ப வாங்கினாள். அதற்கு விலையாக, அவளை எதிரில் உட்காரவைத்து மோர்க் கிண்ணத்தை நகர்த்திக் கொடுத்த ஒரு நல்ல மனிதரைத் தன் கையாலேயே வெளியே அனுப்பி வைத்திருக்கிறாள். கல்கத்தா முழுக்க நண்பர்கள் இருந்தவருக்கு இப்போது பேச்சுத் துணை அவள் ஒருத்திதான். எந்த மொழி வேண்டும் என்று அவரிடம் அவள் கேட்கவே இல்லையே!

அடுத்த ஆண்டு ரோஹிணிக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்தது. கிளம்புவதற்கு முன் நாகரத்தினம் பாலிகஞ்சுக்குப் போனாள். பெட்டிகள் கட்டப்பட்டிருந்தன. கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் மேஜைமேல் இருந்தது.

"அந்தப் பழைய மாமா இதுல இருக்காராம்மா?" என்று கேட்டாள்.

ரோஹிணிக்கு உடனே விளங்கியது. "இருக்கார். ஒவ்வொரு தடவை மாத்தறச்சேயும் பழசை எடுத்து வெச்சிருக்கேன்." ஏதோ தட்டினாள். எழுத்துகள் வந்தன. இந்த முறை அவள் படித்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்த எழுத்துகளின் வடிவம் நாகரத்தினத்துக்குத் தெரியும். அவள் விரலால் திரையைத் தொட்டாள். கண்ணாடி லேசாகச் சுட்டது.

"மெஷின்ல நேத்துக்குப் போகலாம். மாமா தலைல போக முடியாது" என்றாள் ரோஹிணி. "ஆனா மாமி, எனக்கு இப்பத்தான் ஒண்ணு புரிஞ்சுது. என் மெஷினும் தமிழ் மட்டும் குடுத்தப்போ பெங்காலியை மறந்துடுத்து. புதுசு வந்தா பழசை மொத்தமா அழிச்சிடும். எல்லா மெஷினுக்கும் இதே வியாதி. மனுஷாளுக்கு இப்படி ஆறதில்லையே, ஏன்னு தேடினேன். நம்ம மூளை புதுசைக் கத்துக்கறச்சே, தூக்கத்துல, சும்மா இருக்கறச்சே, பழசையும் நடுநடுல கொஞ்சம் எடுத்துப் பாத்துக்கறதாம். நானும் மெஷின்ல நடுநடுல பழசைக் கலந்து குடுத்தேன். ரெண்டும் நின்னுது மாமி. அதைத்தான் அங்க போய்ப் படிக்கப்போறேன். நாம முழுசா நிறுத்தியிருக்கக் கூடாது. நான்தான் அவசரப்பட்டேன்."

"நீ இல்லம்மா. நான்." அவள் ரோஹிணியின் கன்னத்தைத் தடவினாள். "இப்பக் கலந்தா வருமா?"

"தெரியலை மாமி. மெஷின்ல வந்துது."

அதே பதில். போன முறையும் இதே பதில்தான். ஆனால் அன்று கேட்டவள் வேறு. ரயிலடி வரை ரோஹிணி கூட வந்தாள். பாலிகஞ்ச் ஸ்டேஷனில் கூட்டம் நெரிந்தது. இருவரும் பிடித்த கையை விடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏளா, எங்க போனே இத்தன நேரம்?"

"ஒருத்தரப் பாத்துட்டு வாரேன்."

"யாரு?"

"உங்களத்தான்."

"கோட்டி" என்றார் அவர்.

சோறு போட்டாள். ஊட்டவேண்டியதில்லை, இடது கையாலேயே சாப்பிடப் பழகியிருந்தார். சாப்பிடுகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் வங்காளத்தில் மெல்லக் கேட்டாள்.

"ஆப்னி கேயேச்சேன்?"

"என்னளா வங்காளம் பேசுதே?" என்று முகத்தைச் சுளித்தார். அவள் சிரித்தாள். மறுநாளும் கேட்டாள். தினமும், ஏளாவுக்கும் துண்டுக்கும் நடுவில், ஒரே ஒருமுறை. கீழே போய் மாஷிமாவை மாடிக்கு வரச் சொன்னாள். தபன் பாபு வீட்டுக்கு ஆளனுப்பினாள். ரேடியோவில் கால்பந்து மறுபடியும் கத்தத் தொடங்கியது.

பூஜைக்கு முந்தைய வாரம். மழை விட்டிருந்தது. எங்கோ பூஜைக்கான டாக் மேளத்தை அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர் சாப்பிட்டு முடித்தார். நாகரத்தினம் வழக்கம்போலக் கேட்டாள். சிவலிங்கம் முகம் சுளிக்கவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்கு முன்னால் தட்டு இல்லாததைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. உதடுகள் குவிந்தன, விரிந்தன. தொண்டை ஏறி இறங்கியது. எதையோ தேடுகிறார். உள்ளே எங்கோ, வெகுதூரத்தில், சாத்திய கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

அவள் எடுத்துக்கொடுக்கவில்லை. காலியான நாற்காலியை இழுத்துப்போட்டு, அவர் எதிரில் உட்கார்ந்து, அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.